வத்தல் கடையில் தும்மாத ஆட்கள்

என் கூட்டாளி, என் தங்கை கோமதியைக் கட்டிய மாப்பிள்ளை, அருமைச் சண்முகையாவுக்கு உம்ம மச்சான் கருப்பசாமி எழுதுவது. நீர் போய்ச் சேர்ந்த இடத்தில் வெளிச்சம் உண்டா? முதலில் அதைத் தெரிந்துகொள்ள ஆசை.

இங்கே நானும் கோமதியும் சுகம். சுகம் என்று சொல்லிப் பழகிய வாய், சொல்லிவிட்டது. கடை நடக்கிறது. குருவிகுளம் கரிசலில் மழை தப்பாமல் விழுந்ததால் இந்த வருஷம் மிளகாய் வத்தல் நல்ல நிறம். உளுந்தும் மோசமில்லை. பேனா பிடிப்பது கோமதிதான். நான் சொல்லச் சொல்ல எழுதுகிறாள். என் கண்ணும் உம்ம வழிக்கே வந்துவிட்டது மாப்பிள்ளை. அதே சர்க்கரை, அதே விழித்திரை, கண்ணுக்குள் போடுகிற அதே ஊசி.

அதைவிடப் பெரிய செய்தி ஒன்று இருக்கிறது. உமக்கு வந்தவர்கள் எனக்கும் வந்துவிட்டார்கள்.

ஆனியில் ஒரு நாள், உச்சிப்பொழுது. கரண்ட் போய் எதிர்ச்சந்தில் தறிகள் எல்லாம் நின்றுவிட்டன. அந்தச் சத்தம் நின்றால் நம் தெரு எப்படி இருக்கும் என்று உமக்குத் தெரியும். சுமைக்காரர்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். காலையில்தான் மூட்டைகளைப் பிரித்துக் கொட்டியிருந்தோம், கடை முழுக்க வத்தல் தூசி. நிமிர்ந்து பார்த்தால் மூட்டை அட்டிகளுக்கு நடுவில் ஒரு பெண் நிற்கிறாள். பச்சைச் சேலை, தலையில் முக்காடு.

"யாரும்மா? என்ன வேணும்?" என்றேன். பதில் இல்லை.

நம் கடைக்குள் புது ஆள் யார் வந்தாலும் படி ஏறும்போதே தும்மல் பிடித்துக்கொள்ளும். பதினைந்து வருஷமாக மூட்டை தூக்குகிறவனே தும்முகிறான். அவள் தும்மவில்லை. மூக்கைத் துடைக்கவில்லை, கண்ணைக் கசக்கவில்லை. என் கையில் இருந்த வத்தலின் காம்பு எனக்குத் தெரியவில்லை. உலகமே புகை மூட்டமாக இருந்தது. அவள் சேலைக் கரையில் ஓடிய ஒவ்வொரு பூவும் தெரிந்தது. நான் நாற்காலியைப் பிடித்து எழுந்தேன். திரும்பிப் பார்த்தபோது அட்டிதான் இருந்தது.

பயந்தேன் என்று சொல்ல எனக்கு வெட்கம் இல்லை. பயந்தேன்.

இந்தக் கடிதத்தை நம் வியாபாரிகள் சங்க மலரில் போடப்போகிறார்கள். அதனால் உமக்குத் தெரிந்த கதையையும் மற்றவர்களுக்காகக் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள்ளும்.

நாம் இருவரும் கைமுதல் இல்லாமல் கடை போட்டவர்கள். நான் மூட்டை தூக்கி வந்தவன். நீர் மாட்டுத் தரகர் மகன். சந்தையில் துண்டைப் போட்டு மூடி, அதற்குள் விரலைப் பிடித்து விலை பேசுகிற வழக்கத்தை உம்ம அப்பாவிடமிருந்து வத்தல் கடைக்குக் கொண்டுவந்தீர். சுற்றி நிற்கிறவனுக்கு விலை தெரியாது. விற்கிறவன் விரலுக்கும் வாங்குகிறவன் விரலுக்கும் மட்டும்தான் தெரியும். உம்ம கண் போன பிறகும் அந்த வேலையில் உம்மை மிஞ்ச ஆள் இல்லை. கண்ணுக்கு அங்கே வேலையே கிடையாதே. மற்றதை நான் பார்த்துக்கொண்டேன், விலையை நீர் பேசினீர், கடை ஓடியது.

அப்படி ஓடிக்கொண்டிருந்தபோதுதான் ஒரு மத்தியானம் நீர் சொன்னீர்:

"மச்சான், அந்தப் பிள்ளையக் கொஞ்சம் தள்ளி நிக்கச் சொல்லும். தராசுத் தட்டுல கால வச்சுக்கிட்டு நிக்கா."

"எந்தப் பிள்ள?"

"செகப்புப் பாவாட கட்டிருக்கால்லா? யாரு வீட்டுப் பிள்ள வே, இந்தக் காரத்துல ஒரு தும்மல் போடாம நிக்கா?"

நான் தராசைப் பார்த்தேன். தட்டு காலியாக இருந்தது. முன்னால் இருந்த தண்ணீர்ச் சொம்பைத் தடவி எடுக்கிற மனுஷர் நீர்; பாவாடையில் மஞ்சள் கரை என்று சொல்லுகிறீர்.

"ஏன் வே, உமக்குச் சொம்பே தெரியல. கர எப்படித் தெரியுது?"

"அதுதான் மச்சான் எனக்கும் பயமா இருக்கு."

என் கையைத் தேடிப் பிடித்தீர். "யாருகிட்டயும் சொல்லிராதீரும். ஆளில்லாத எடத்துல ஆளப் பாக்கவன் வெரல எவன் வே நம்பிப் பிடிப்பான்?"

நான் சொல்லவில்லை. நீர் சொன்னது வியாபாரத்தில் சரியான பேச்சு. நம்மிடம் விளைந்ததை விற்க வருகிற சம்சாரிக்கும் வாங்க வருகிற பார்ட்டிக்கும் நடுவில் இருப்பது நம் புத்தி ஒன்றுதான். அதில் கோளாறு என்று தெரிந்தால் மறுநாள் அடுத்த கடைப் படி ஏறுவார்கள். நானாக இருந்தாலும் ஏறுவேன்.

ஆனால் சாப்பாட்டுத் தட்டின் முன்னால் யாராலும் ரகசியம் காக்க முடியாது. ஒரு நாள் கோமதியிடம், "அந்தப் பிள்ளைக்கும் ஒரு எலயப் போடு, பாத்துக்கிட்டே நிக்கா" என்று சொல்லிவிட்டீர். அவள் விசாரித்தாள், நீர் பாவாடையின் நிறத்தைச் சொன்னீர். முடிந்தது. உம்ம அப்பாவின் தங்கை சின்ன வயசில் காய்ச்சலில் போனாள் அல்லவா? நம் பக்கத்தில், கல்யாணம் ஆகாமல் போன பெண்பிள்ளை கன்னியாக நின்று வீட்டைக் காப்பாள் என்று, ஓலைப்பெட்டியில் வருஷாவருஷம் புதுத்துணி வைத்துக் கும்பிடுவார்கள். உம்ம வீட்டில் அந்தப் பெட்டிக்குத் துணி வைத்துப் பல வருஷம் ஆகியிருந்தது.

"கன்னி துணி கேட்டு வந்திருக்கா அண்ணே" என்றாள் கோமதி. அவள் அழுதுகொண்டே சிரித்தாள். வீட்டுக்குள் வந்திருப்பது பேய் இல்லை, அத்தை முறைக்காரி என்றால் யாருக்குத்தான் சந்தோஷம் வராது?

சிவப்புப் பாவாடை எடுத்தோம், பெட்டியில் வைத்தோம், சர்க்கரைப் பொங்கல் வைத்தோம். அந்தப் பிள்ளை போகவில்லை. கூட ஆளைக் கூட்டி வந்தாள். தலைப்பாகை கட்டிய ஆண்கள், முழங்கால் உயரம்தான் இருப்பார்களாம், சுவரோரம் வரிசையாக நடந்து போவார்களாம். "சத்தமே இல்ல மச்சான். ஏதாவது பேசித் தொலைச்சாத் தேவல" என்றீர். அதற்குள் உமக்கு ஒரு நினைப்பு வந்துவிட்டது. கன்னியே வந்துவிட்டாள், கண்ணையும் அவளே பார்த்துக்கொள்வாள் என்று ஊசி போடப் போவதை நிறுத்திவிட்டீர். மிச்சம் இருந்த பார்வையும் அதோடு போயிற்று.

பிறகு கோவிலுக்குப் போனோம். மனசு கலங்கியவர்களைக் கோமதியம்மன் சந்நிதி முன்னால் இருக்கிற சக்கரக் குழியில் உட்காரவைப்பது நம் ஊர் வழக்கம். நீரும் இறங்கி உட்கார்ந்தீர். கண்ணை மூடி வெகுநேரம் இருந்தீர். நெற்றியில் புற்றுமண்ணோடு எழுந்து வந்தவரிடம் நான் கேட்டேன்.

"என்ன மாப்ள, போயிட்டாங்களா?"

"எங்க போறது? அவங்களும் கூட எறங்கிக் குழிக்குள்ள உக்காந்துக்கிட்டாங்க. எனக்குத்தான் எடம் பத்தல."

சிரிக்க முயற்சி செய்தீர். நானும் செய்தேன். பிரகாரத்தில் நடந்து வரும்போது உம்ம விரல் என் முழங்கையை விடவே இல்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். இதுவரை கோமதிக்குக்கூடத் தெரியாது. (எழுதுவதை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்க்கிறாள்போல. எழுதுட்டி, எழுது.) மார்கழியில் ஒரு பகல், நான் வங்கிக்குப் போய்விட்டுத் திரும்பினேன். கடையில் நீர் தனியாக உட்கார்ந்திருந்தீர். வலது கை முன்னால் நீண்டிருந்தது, மேலே துண்டு போட்டிருந்தது. துண்டுக்குள் விரல்கள் அசைந்துகொண்டிருந்தன. எதிர் நாற்காலி காலி.

"யாருகூட வே வெல பேசுதீரு?"

"தெரியல. பெரிய மீசக்காரன். வந்து கைய நீட்டுனான். நானும் துண்டப் போட்டுட்டேன்." உம்ம முகத்தில் வேர்வை. "எவ்வளவு நேரமாத் தேடுதேன் மச்சான். கை தெரியுது. உள்ள வெரல் இல்ல."

நான் எதிர் நாற்காலியில் உட்கார்ந்து துண்டுக்குள் என் கையை நீட்டினேன். நீர் அப்படியே இறுக்கிப் பிடித்துக்கொண்டீர். அன்றைக்கு நாம் எந்த விலையும் பேசவில்லை.

தையில் ஒரு காலை நெஞ்சு வலிக்கிறது என்றீர். மத்தியானத்துக்குள் முடிந்துவிட்டது. கடைசியாக நீர் கேட்டது எனக்கு மறக்கவில்லை. "ரூம்ல யாரு யாரு இருக்கீக?" என்று கேட்டீர். "நானும் அண்ணனும்தான்" என்றாள் கோமதி. "அப்ப மத்தவங்க யாரு?" என்றீர். அவ்வளவுதான்.

அந்தப் பச்சைச் சேலைக்காரி எனக்கு முன்னால் நின்ற அன்று, இந்தக் கேள்விதான் என் காதில் கேட்டது. இனி என் முறை. உம்மை மாதிரியே நானும் வாயை மூடிக்கொண்டேன். கோமதியிடம்கூடச் சொல்லவில்லை. சொன்னால் இன்னொரு பாவாடை வாங்கிவிடுவாள்.

அப்போதுதான் மாரிச்செல்வி வந்தாள்.

நம் சங்கம் வருஷாவருஷம் படிக்கிற பிள்ளைகளுக்கு உதவித்தொகை கொடுப்பது உமக்குத் தெரியும். ஆளைப் பார்த்துப் பேசி முடிவு செய்கிற குழுவில் இந்த வருஷம் என்னையும் போட்டிருந்தார்கள். மாரிச்செல்வி இளையரசனேந்தல் பக்கம். பிறவியிலேயே பார்வை இல்லை. பி.ஏ. முடித்திருக்கிறாள். மேலே சமூகப்பணி படித்து, வயசான காலத்தில் கண் போகிறவர்களுக்கு வழி சொல்லுகிற வேலைக்குப் போக வேண்டும் என்று கேட்டு வந்தாள். கல்லூரியில் இடம் கிடைத்துவிட்டது. விடுதிக்கும், புத்தகத்தை வாசித்துக் காட்டுகிற கம்ப்யூட்டருக்கும்தான் வழியில்லை.

சங்கத் தலைவர் வேலுச்சாமி அண்ணாச்சி, பாத்திரக்கடை, நல்ல மனுஷர். அவர் கேட்டார்: "டீச்சர் ட்ரெயினிங் போலாமே தாயி? பேங்க் பரீட்ச எழுதலாம், உன்னிய மாதிரிப் பிள்ளைகளுக்கு எடம் ஒதுக்கி வச்சிருக்காகல்லா. கண்ணு போன கெழடுககூடப் போயி நீ என்ன செய்யப்போற?"

"அவுகளுக்கு இருட்டு புதுசு அண்ணாச்சி. எனக்குப் பழசு. அதுல எனக்கு சர்வீஸ் ஜாஸ்தி."

எல்லாரும் சிரித்தோம். ஜவுளிக்கடை மாடசாமிக்கு வாய் சும்மா இருக்குமா? "அது சரி. நீங்க ரெண்டு பேரும் ரோட்டத் தாண்டணும்னா மூணாவதா ஒரு ஆளு தேடணுமே!"

"தேடுனாப் போச்சு. உங்க ஜவுளிக்கடையில ஆளுக சும்மாதான் நிக்காகளாம், கூப்பிட்டா வரமாட்டாகளா?"

மாடசாமி வாங்கிக் கட்டிக்கொண்டதைக் கேட்க நீர் இல்லாமல் போய்விட்டீரே என்று நினைத்தேன். அதற்குள் அவள் குரல் மாறிவிட்டது.

"வெளையாட்டுக்குச் சொல்லல அண்ணாச்சி. போன லீவுல ஒரு முதியோர் இல்லத்துக்குப் போய்ப் பழகுனேன். கண்ணு போன பெரியவுக யாரும் பாத தெரியலன்னு மொதல்ல சொல்லல. ரொம்ப நாள் பழகுன பெறகு, காதுகிட்ட வந்து ஒண்ணு சொன்னாக. 'யாரோ நிக்காக தாயி.' உங்க வீட்டுகள்ல யாரும் அப்படிச் சொன்னது இல்லையா?"

வேலுச்சாமி அண்ணாச்சி அவசரமாக அடுத்த மனுவை எடுத்தார். என் கையில் மயிர் எழுந்து நின்றது மாப்பிள்ளை.

வெளியே வந்து, பஸ்ஸுக்கு நின்றவளுக்கு ஒரு எலுமிச்சை சர்பத் வாங்கிக் கொடுத்துக் கேட்டேன். நிற்கிறது யார்?

"யாரும் இல்ல அண்ணாச்சி. கண்ணுல இருந்து படம் வாரது கொறைஞ்சிட்டா மூளை சும்மா இருக்காது. தானே படம் போட ஆரம்பிச்சிரும். பைத்தியமும் இல்ல, பேயும் இல்ல. ஆனா வெளிய சொன்னா பைத்தியம்பாகன்னு யாரும் சொல்லுறதில்ல. நோயவிட அதுதான் பெரிசு."

"உனக்கும் வருமா?"

"எனக்குப் பொறப்புலயே கண்ணில்லையே. படம்னா என்னன்னே தெரியாது. அதனால எனக்குப் பயமும் இல்ல. ஒரு பெரியவரு, உன் தோளுல குதிர நிக்கும்மான்னாரு. நிக்கட்டும் ஐயா, எனக்குக் கனமா இல்லையேன்னேன். அவரு எத்தனையோ நாளைக்குப் பெறகு சிரிச்சாராம்." சர்பத்தை ஒரு வாய் குடித்துவிட்டு, "உங்களுக்கு எப்ப இருந்து?" என்றாள்.

"எனக்கில்ல. எங்க மாப்ளைக்கு இருந்துச்சு. அவரு செத்துப்போனாரு."

"செத்தவருக்கா அண்ணாச்சி வைத்தியம் கேக்கீங்க?"

வியாபாரத்தில் என்னை யாரும் இப்படி மடக்கியது இல்லை. பதில் தேடி நிமிர்ந்தேன். புளியங்குடி பஸ்ஸுக்குப் பக்கத்தில், கொதிக்கிற வெயிலில், பச்சைச் சேலை நின்றது. காலடியில் நிழல் இல்லை. அத்தனை பேர் இடித்துக்கொண்டு ஏறுகிறார்கள். அவள் சேலை மடிப்புக்கூடக் கசங்கவில்லை.

"இப்ப நிக்காகளா?" என்றாள் மாரிச்செல்வி மெதுவாக.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"மூச்சப் பிடிச்சுக்கிட்டு இருக்கீங்க. விடுங்க. தலைய ஆட்டாம கண்ண மட்டும் எடது வலதா ஓட்டுங்க. இன்னும் ஓட்டுங்க. நல்லா மூடித் தெறங்க."

செய்தேன். துணியில் சாயம் போவதுபோல அவள் கொஞ்சம் கொஞ்சமாக வெளுத்து, பஸ் மட்டும் நின்றது. எனக்கு அழுகை வந்துவிட்டது. உமக்கு இதைச் சொல்ல ஒரு ஆள் இருந்திருந்தால்?

அப்புறம் நான் கேட்டேன். "தெரிஞ்ச மொகம் வருமா? செத்துப்போனவங்க?"

"பெரும்பாலும் முன்னப்பின்ன பாக்காத ஆளுகதான் வருவாக. பேச மாட்டாக."

"எங்க மாப்ள வரமாட்டாரா?"

டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "தெரிஞ்சவுக வந்தா, பேசுனா, என்கிட்ட ஒளிக்காமச் சொல்லுங்க அண்ணாச்சி. அது கண்ணுக் கோளாறு இல்ல, வேற. டாக்டரப் பாக்கணும்" என்றாள்.

வேறு என்றால் என்ன? அவளும் விளக்கவில்லை, நானும் கேட்கவில்லை. அவள் பஸ் வந்துவிட்டது.

குழு அவளுக்குக் கொடுக்கவில்லை. டீச்சர் ட்ரெயினிங் போனால் தருகிறோம் என்று சொல்லிவிட்டார்கள். கல்லூரி திறக்கிற நாள் நெருங்கிவிட்டது. இந்த வருஷம் போகாவிட்டால் வீட்டில் விடமாட்டார்கள், தீப்பெட்டி ஆபீசில் பெட்டி ஒட்ட உட்காரவைத்துவிடுவார்கள் என்றாள் போனில். நான் என் கையிலிருந்து தருகிறேன் என்றேன். அவள் ஒத்துக்கொள்ளவில்லை.

"நீங்க குடுத்தா அது தருமம். இந்தப் படிப்புக்குக் குடுக்கலாம்னு சங்கம் எழுதி வச்சாத்தான் எனக்கு அடுத்து வாரவளும் கேக்க முடியும். இந்தப் படிப்பு எதுக்குன்னு அவுகளுக்குச் சொல்ல ஆளில்ல. நான் சொன்னா வயித்துப்பாட்டுக்குச் சொல்லுதான்னு நெனைக்காக."

யார் சொல்ல வேண்டும் என்று அவள் சொல்லவில்லை. சொல்லாமல் விட்டதுதான் அவள் கெட்டிக்காரத்தனம்.

நாலு நாள் யோசித்தேன். சொன்னால் என் வாக்குக்குச் சந்தையில் என்ன மதிப்பு இருக்கும்? ஒருவருக்கும் தெரியாமல் காத்தீரே, நீர் கட்டிக்காத்த கடையும் சேர்ந்து போகுமே? சொல்லாவிட்டால் அந்தப் பிள்ளை தீப்பெட்டிக்குப் போவாள். காதுகிட்ட வந்து சொல்ல ஆளில்லாமல் இன்னும் எத்தனை சண்முகையா துண்டுக்குள் விரலைத் தேடுவான்?

சங்கக் கூட்டத்தில் எழுந்து சொல்லிவிட்டேன். உம்ம தராசுப் பிள்ளை, சக்கரக் குழி, நிறுத்திய ஊசி. கடைசியில் என் பச்சைச் சேலைக்காரி. "எனக்குப் புத்தி தெளிவாத்தான் இருக்கு. கண்ணுதான் கோளாறு. ரெண்டும் வேறன்னு எனக்குச் சொல்லித் தந்தது அந்தப் பிள்ள. அவ படிப்புக்குத்தான் நீங்க வேண்டாம்னுட்டீக" என்றேன்.

பின்னால் இருந்து மாடசாமி ஆரம்பித்தான்: "அண்ணாச்சி, அப்ப இந்த ஹால்ல மொத்தம் நாங்க எத்தன பேரு இருக்கோம், பாத்துச் சொல்லுங்க."

கொல்லென்று சிரித்தார்கள். நான் அவன் பக்கம் திரும்பினேன்.

"உம்ம தோளுல கைய வச்சிட்டு நிக்காளே, அவளையும் சேக்கணுமா வே?"

சிரிப்பு பொட்டென்று நின்றது. மாடசாமி திரும்பிப் பார்த்தான். அவன் மட்டும் இல்லை மாப்பிள்ளை, அந்த ஹாலில் இருந்த அத்தனை பேரும் தங்கள் பின்னால் திரும்பிப் பார்த்தார்கள். சத்தியமாக நான் வேடிக்கைக்குத்தான் சொன்னேன். அங்கே ஒருத்தியும் இல்லை.

முடிவைத் தள்ளிவைத்தார்கள். நான் படி இறங்கினேன். பின்னாலேயே மாடசாமி ஓடிவந்து கையைப் பிடித்தான். "அண்ணாச்சி, எங்கம்மா கடைசி ரெண்டு வருசமும் மாட்டுக்கொட்டத்துல ஒருத்தி நிக்கா, ஒருத்தி நிக்கான்னுட்டே கெடந்தா. தூக்க மாத்திரையக் குடுத்துப் படுக்க வச்சோம். அவளுக்குக் கண்ணுல புரை." சொல்லிவிட்டுத் தன் கடைப் பக்கம் நடந்துவிட்டான். மறுநாள் எண்ணெய்க்கடைக்காரர் வந்தார், அவர் மாமனாருக்காம். பிறகு ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர், வத்தல் வாங்குகிற சாக்கில். ஒவ்வொருவரும் தெருவை ஒரு பார்வை பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தித்தான் சொன்னார்கள்.

மூன்றாம் நாள் மத்தியானம் போன். வேலுச்சாமி அண்ணாச்சி.

"ஏ கருப்பசாமி, ஒரு சந்தேகம். சின்னச் சின்ன ஆளுகளா வருமோ?"

"வரும் அண்ணாச்சி. மாப்ளைக்கு முழங்கால் ஒசரத்துக்கு வந்தாக."

"பாத்திரத்துக்கு உள்ள இருந்து எட்டிப் பாக்குமோ?"

"யாருக்கு அண்ணாச்சி?"

போனை வைத்துவிட்டார்.

அடுத்த கூட்டத்தில், முதுமையையும் பார்வையிழப்பையும் பற்றிப் படிக்கிற பார்வையற்ற பிள்ளைகளுக்கு வருஷந்தோறும் உதவி என்று தீர்மானம் போட்டார்கள். முதலில் தூக்கிய கை அவருடையது. உம்ம பெயரையே வைத்திருக்கிறார்கள். மாரிச்செல்வி கல்லூரியில் சேர்ந்துவிட்டாள்.

சும்மா வரவில்லை இது. ராஜபாளையம் பார்ட்டி இப்போது என் துண்டுக்குள் கை விடுவதில்லை. மகனை விட்டுப் போனில் விலை கேட்கிறான், அதையும் இன்னொரு கடையில் சரிபார்க்கிறான். இரண்டு சம்சாரிகள் படி ஏறுவதில்லை. போகட்டும். நஷ்டம் நஷ்டம்தான், இல்லை என்று சொல்லமாட்டேன்.

பூஜை விடுமுறைக்கு வந்த மாரிச்செல்வியைக் கோமதி வீட்டுக்கு அழைத்தாள். ஓலைப்பெட்டியை அவள் மடியில் வைத்தாள். அந்தப் பிள்ளை சிரிக்கவில்லை. பாவாடையை எடுத்துத் தடவிப் பார்த்து, மடிப்புக் குலையாமல் திரும்ப வைத்தாள். "கும்பிடுங்க அத்த. கும்பிடுறது உங்க இஷ்டம். கண்ணு வேற, அத மட்டும் டாக்டர்கிட்ட விடுங்க" என்றாள். கோமதி ஒன்று கேட்டாள்: "அப்ப, சாகுத அன்னைக்கு ரூம்ல 'மத்தவங்க யாரு'ன்னு கேட்டாகளே, அதுவும் கண்ணுதானா?"

மாரிச்செல்வி தலையைத் திருப்பி, அந்த அறை இருக்கிற பக்கமாகக் கொஞ்ச நேரம் காதைக் கொடுத்தாள். "அப்படித்தான் இருக்கணும்" என்றாள்.

இப்போது அவள் விடுமுறையில் வீடு வீடாகப் போகிறாள், துணைக்குப் போகிறவள் உம்ம பெண்டாட்டி. வழியில் கோமதி அவளுக்குக் கண், வாசலைத் தாண்டிவிட்டால் அவள்தான் கோமதிக்குத் தைரியம். இத்தனை வீடுகளா என்று திகைத்துப்போய் வருகிறாள் கோமதி. உள்ளறைகளில், கட்டிலடியில், மாடிப்படியில், பேசாமல் நிற்கிற இத்தனை பேர். தேரோடும் வீதியில் ஆடித்தபசுத் திருவிழாவுக்குச் சேருகிற கூட்டம்கூட அவ்வளவு இருக்காது போலிருக்கிறது. இவ்வளவு நாள் நம் ஊரில் இவர்களை வைத்துக்கொண்டு எப்படிச் சும்மா இருந்தோம்?

நான் ஊசியை விடவில்லை. ஆனாலும் அவர்கள் வருகிறார்கள், கரண்ட் போகிற மத்தியானங்களில். இப்போது நான் ஓடுவதில்லை, கூப்பிடுவதும் இல்லை. ஒவ்வொரு முகமாகப் பார்க்கிறேன். முன்பின் பார்க்காத முகங்கள். எதிலும் நீர் இல்லை. அதில் எனக்கு நிம்மதியா, ஏமாற்றமா? இவ்வளவு வருஷம் லாபநஷ்டம் பார்த்தவனுக்கு இது மட்டும் பிடிபடவில்லை.

ஆகையால் மாப்பிள்ளை, உமக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். என்றைக்காவது அந்த வரிசையில் நீர் வந்து நின்றால் ஒளிக்கமாட்டேன். ஒளித்து ஒளித்து நீர் பட்டது நம் குடும்பத்துக்குப் போதும். அன்றைக்கே கோமதியிடம் சொல்வேன், மாரிச்செல்விக்குப் போன் போடுவேன், அவள் சொல்லுகிற டாக்டரிடம் போய் உட்காருவேன். எல்லாம் செய்வேன். ஆனால் போனை எடுப்பதற்கு முன்னால், கொஞ்ச நேரம், ஒன்றும் பேசாமல் உம்மைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அதற்கு மட்டும் என்னைத் தடுக்காதீரும்.

தங்கையை உமக்குக் கொடுத்து, உம்மை எனக்கு வாங்கிக்கொண்ட,
உம்ம மச்சான்
கருப்பசாமி